நாய்களின் மூட்டுவாதம்: முதுமை என்று ஒதுக்கலாமா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள செங்கல் போன்ற எல்லைக் கிராமங்களில் தென்னந்தோப்பையும் ஆட்டுக் கொட்டிலையும் வீட்டு முற்றத்தையும் காப்பது நாயின் தொழில். எட்டுப் பத்து ஆண்டுகள் காத்தபின், காலையில் எழுந்திருக்க அது தடுமாறுகிறது. திண்ணைப் படியேற மறுக்கிறது. இடுப்பைத் தொட்டால் உறுமுகிறது. ‘வயதாகிவிட்டது’ என்று கூறி வீட்டார் விஷயத்தை முடித்துவிடுகின்றனர். இச்சொல்லில் பாதியே உண்மை. மீதிப் பாதியை எடுத்துரைக்கும் கடமை கால்நடை ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தை போல் அமைந்துள்ளது. அது தேய்ந்து சிதையும்போது மூட்டு வீங்குகிறது; ஓரங்களில் புதிய எலும்பு முளைக்கிறது; வலி நிலைத்துவிடுகிறது. நாய்களில் இதற்கு முதுமை மட்டுமே காரணமன்று. பிறவியிலேயே சரிவரப் பொருந்தாத இடுப்பு மூட்டு, அறுந்த முழங்கால் தசைநார், பழைய அடி ஆகியவையே பெரும்பாலும் நோய்க்கு வித்திடுகின்றன. ஆகவே, இளநாயிலேயே இது தொடங்கிவிடக்கூடும். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்க வழியில்லை. ஆயினும் வலியைத் தணிக்கவும் நோயின் வேகத்தைக் குறைக்கவும் வழிகள் உள்ளன.

அவற்றுள் முதன்மையானது காசு செலவில்லாதது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து, ஆயுள் முழுவதும் கவனித்தனர். 2002-ல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் ஆயுள் நடுமதிப்பு சுமார் 13 ஆண்டுகள். மற்றவற்றுக்குச் சுமார் 11 ஆண்டுகளே. மெலிந்த நாய்களுக்கு மூட்டுவாதமும் பிந்தியே வந்தது. கட்டிப்போட்ட நாய்க்கு மீந்த சோற்றையும் மரச்சீனிக் கிழங்கையும் வேளை தவறாமல் கொட்டுவது அன்பாகாது. விலாவில் கை வைத்தால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடில் உணவைக் குறைத்தல் அவசியம். மீன் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் வீக்கத்தைத் தணிக்க ஓரளவு உதவுகின்றன. ஆனால், உப்பும் மிளகாயும் சேர்ந்த சாளைக் குழம்பு அதற்கு ஈடாகாது.

இரண்டாவது, மாத்திரை பற்றிய எச்சரிக்கை. வீட்டிலுள்ள வலி மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் மிக ஆபத்தானது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். பூனைக்கோ சிறு அளவும் எமனாகும். ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1990-களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்கு அளித்த டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததே காரணம் என 2004-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. 2006-ல் மத்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தது. 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. அதே வகையைச் சேர்ந்த மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கற்றது எனக் கண்டறியப்பட்டது. நாய்களின் மூட்டுவாதத்துக்கும் அது பயன்படுகிறது. ஆயினும் நாயின் எடை, சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றை அறிந்து மருத்துவர் அளவு குறித்தாலன்றி அதுவும் கூடாது.

நொண்டும் நாய்களுக்கெல்லாம் மூட்டுவாதம் என்று கொள்வதும் பிழையே. காய்ச்சலுடன் இன்று ஒரு காலும் நாளை மறு காலுமாக நொண்டினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையால் அதனை அறிந்து குணப்படுத்தலாம். திடீரெனப் பின்கால்கள் செயலிழந்து, குரல் மாறி, எச்சில் ஒழுகினால் வெறிநோயை ஐயுற வேண்டும். அந்நாயைத் தொடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்கு அறிவித்தல் வேண்டும்.

‘மனிதரின் மூட்டு வலிக்கே மருந்து வாங்க இயலாத வீட்டில் நாய்க்கு வைத்தியமா?’ என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் வலியுற்ற நாயின் இடுப்பில் குழந்தை கை வைத்தால் அது கடிக்கக்கூடும். தடுப்பூசி போடாத நாயின் கடி வெறிநோய் அச்சத்தைக் கொணர்கிறது. உதவாது என்று சந்தையோரத்தில் விடப்படும் நாய் தெருநாய்க் கூட்டத்தைப் பெருக்குகிறது. தகுந்த காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் வாடுமாறு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும். கவனிப்பின்மையின் செலவை இறுதியில் ஊரே ஏற்கிறது.

ஆகவே, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தடுப்பூசி போடச் செல்லும் ஊழியர் முற்றத்து நாயையும் ஒருமுறை நோக்கட்டும். எழுந்தவுடன் விறைத்து, சிறிது நடந்தபின் சரியாகிறதா? படியேறத் தயங்குகிறதா? ஒரே மூட்டை ஓயாமல் நக்குகிறதா? இம்மூன்று வினாக்கள் போதும். ‘ஆம்’ என்னும் விடை வந்தால் மருத்துவமனைக்கு வழிகாட்டலாம். மழைக்காலத்தில் ஈரச் சிமெண்டுத் தரையில் படுக்கவிடாது மடித்த சாக்கு விரித்தல், குறுஞ்சங்கிலியை நீக்குதல், தினமும் இருவேளை சிறு தொலைவு நடத்துதல், வளர்ந்த நகங்களை வெட்டுதல் ஆகியவற்றை எவ்வீட்டாரும் செய்ய இயலும்.

ஆசிரியரின் பங்கும் சிறிதன்று. உறங்கும் நாயையும் நொண்டும் நாயையும் தொடலாகாது என்பதை மாணவர் அறிந்தால் பல கடிகளைத் தவிர்க்கலாம். நாய் தன் வலியை வாய்விட்டுக் கூறாது. நடையிலும் படுக்கையிலும் காட்டுகிறது. அதைக் கண்டறியும் பழக்கமே விஞ்ஞானக் கல்வியின் தொடக்கம் எனலாம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வீட்டு முற்றமே போதும்.