வெந்நீர் விளாவத் தெரியுமா?



மார்கழிக் காலையில் பாட்டி தவலையிலிருந்து வெந்நீரை மொண்டு, பக்கெட்டில் உள்ள பச்சைத் தண்ணீரில் விளாவி, கைவிட்டுப் பார்த்து, "போதும், குளி" என்பார் இல்லையா? உங்கள் அறிவியல் புத்தகத்தில் வரும் வெப்பக் கணக்கைத்தான் பாட்டி செய்கிறார்.

இந்தக் கணக்கைச் சூத்திரத்தில் தொடங்கக் கூடாது என்பது, பல வருடம் பாடம் நடத்திய என் கட்சி. முதலில் ஊகம், பிறகுதான் பேனா. 80 டிகிரி தண்ணீரையும் 30 டிகிரி தண்ணீரையும் கலந்தால் 110 டிகிரி என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான்! ஒரு தடவை விளாவிப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். விடை 30க்கும் 80க்கும் நடுவில்தான் இருக்கும் என்று அவர்கள் கைக்கே தெரியும்.

பக்கெட்டில் 24 டிகிரியில் 12 லிட்டர் பச்சைத் தண்ணீர் இருக்கிறது. அதில் 88 டிகிரி வெந்நீர் 4 லிட்டர் ஊற்றுகிறோம். மொத்தம் 16 லிட்டர். வெந்நீர் அதில் கால் பங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 64 டிகிரி. அதில் கால் பங்கு 16. ஆகவே 24 கூட்டல் 16, 40 டிகிரி. குளிக்க இதமான சூடு! பக்கெட்டும் காற்றும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இனிமேல்தான் வேடிக்கை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பேர்போனது. 1 கிலோ எடையுள்ள பித்தளை விளக்கை 90 டிகிரிக்குச் சூடாக்கி, 30 டிகிரியில் உள்ள 1 லிட்டர் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? இரண்டும் 1 கிலோதானே, 60 டிகிரி என்பீர்கள். இல்லை, ஏறத்தாழ 35தான்! ஒரே அளவு சூடேற, தண்ணீருக்குத் தேவையான வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பித்தளைக்கு வேண்டாம். அதனால் அதனிடம் கொடுப்பதற்கும் அதிகம் இல்லை. பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்து பார்த்த சோதனையில் விடை நடுவில் வராததைக் கவனித்துத்தான், 1760 வாக்கில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக், வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று விளக்கினார். சூத்திரம் இருக்கட்டும், இந்த வேறுபாடு புரியாமல் மார்க் வாங்கி என்ன பயன்?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று விரட்டாதீர்கள். பையன்களையும்தான்! பக்கத்தில் நின்றுகொண்டு, விளாவும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு.

குழந்தைகளே, ஊகத்தை நோட்டில் எழுதிவிட்டு அளந்து பாருங்கள். பள்ளியில் ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர் கேட்டால் கொடுப்பார்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை மட்டும் வெந்நீரில் விட்டுவிடாதீர்கள். அது 42 டிகிரி வரைக்கும்தான், உடைந்துவிடும்!