கொசுவுக்குச் சாதி இல்லையாம், குடத்துக்கு இருக்கிறது

கொசுவுக்குச் சாதி கிடையாது, பணக்காரனையும் கடிக்கும், ஏழையையும் கடிக்கும் என்கிறார்கள். புவி வெப்பமாதலும் அப்படித்தானாம், மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான ஆபத்தாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஊர்க் கிணற்றைப் பொதுக் கிணறு என்று சொன்னபோதும் கேட்க நல்லாத்தான் இருந்தது.

டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணியில் முட்டை போடும்: குடத்தில், டிரம்மில், சிமெண்ட் தொட்டியில், மழைநீர் தேங்கிய டயரில். முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணி பட்டதும் பொரியும். ஆகவே எவள் அசுத்தமாக இருக்கிறாள் என்று கேட்காதே. எவள் தண்ணியைப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது என்று கேள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் கம்பெனிக்குத் தண்ணீர் கொடுக்க சிப்காட் இருக்கிறது. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் காலனியில் குடம்தான் வரிசையில் நிற்கிறது.

வைரஸ் கொசுவின் உடம்பில் முதிர்ந்து எச்சிலுக்கு வந்துசேர 25 டிகிரி வெப்பத்தில் சுமார் இரண்டு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரம் போதும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். வெப்பம் ஏறினால், சும்மா செத்திருக்க வேண்டிய கொசு நோயைக் கொடுத்துவிட்டுச் சாகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு வெள்ளம். 2019 கோடையில் அதே ஏரி வறண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். வறட்சியில் டிரம்மில் புழு, வெள்ளத்தில் டயரில் புழு. இரண்டுமே நம்ம வாசலில்.

2017இல் டெங்கு பரவியபோது அரசு நிலவேம்புக் குடிநீர் ஊற்றியது. புழு கிடந்த இடத்துக்காரர்களுக்கு அபராதம் என்றது. குழாய் போடாதவனுக்கு அபராதம் உண்டா? குடம் வைத்திருந்தவளுக்கு மட்டும்தான். அப்புறம் புகை அடிப்பார்கள். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணிக்குள் இருக்கும் புழுவைத் தொடாது.

நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவன். ஐப்பசி, கார்த்திகையில் தோடும் மூக்குத்தியும் வரும். என்னம்மா செலவு என்றால், 'புள்ளைக்கு ஜொரம் சார்.' காய்ச்சலில் படுத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைக்குக் கூலி இல்லை. ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை. ஆனால் ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிற ஒப்பந்தக்காரன் அந்தக் கணக்கை நிரம்ப விடுவானா?

சேரி பள்ளத்தில் கிடப்பது இயற்கையின் செயலா? இதே செங்கற்பட்டு ஜில்லாவில், நம் மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரன் பிடியில் இருப்பதை 1891இல் ட்ரெமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்க 1994இல் நடந்த காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மேட்டு நிலம் நமக்கு இருந்திருந்தால், பள்ளத்துத் தண்ணியில் ஏன் கிடக்கிறோம்?

'கொசுவெல்லாம் விடுதலை அரசியலா' என்று தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். 1927இல் அண்ணல் மகாத் குளத்தில் இறங்கியது எதற்கு? தண்ணிக்குத்தான்.

விழிப்புணர்வு நோட்டீஸ் போதும். காலனிக்கு நாள்தோறும் குழாய்த் தண்ணீர் கொடு. காய்ச்சல் நாளுக்குக் கூலி கொடு. பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு. அதற்குப் பிறகு எங்கள் குடத்தைக் கவிழ்க்கச் சொல், நாங்களே கவிழ்க்கிறோம்.