பால் தண்ணிதானே, சார்?

நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் நாளைக்குப் படிக்கலாம். படிக்காமல் 'அருமை சார்' மட்டும் போட வேண்டாம்.

போன வாரம் கிராம சபையில் நான் பேசியதை யாரோ போனில் பிடித்துப் பாதியை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் ஓட விட்டிருக்கிறார்கள். நான் பால் ஆலையை இழுத்து மூடச் சொன்னதாக ஊர் முழுக்கப் பேச்சு. தங்கச்சி மகன் போன் போட்டு, "மாமா, நம்ம ஊர்ல பாதிப் பேரு பால் ஊத்தித்தான் பிள்ளைங்களைப் படிக்க வைக்கறாங்க. ரிட்டயர்டு ஆனப்புறம் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று வருத்தப்பட்டான். அந்த ஆலையிலேயே வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் (பெயர் சொல்ல மாட்டேன், அவன் பிழைப்பு கெட வேண்டாம்) தனியாக மெசேஜ் அனுப்பினான்: "பால் தண்ணிதானே, சார். சாயத் தண்ணியா, தோல் தண்ணியா? அதுல என்ன விஷம் இருக்கு?"

அவன் பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவன். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

தம்பி, லேபில் பாலில் இரண்டு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு, சோதனைக் குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் நீலம் மறைந்து பால் வெள்ளையாகும். பழைய பால் என்றால் சீக்கிரம், புதுப்பால் என்றால் பல மணி நேரம். பாலில் இருக்கும் கிருமிகள் பாலைத் தின்று, கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன, அதனால் நிறம் போகிறது என்று நீதான் எழுந்து விடை சொன்னாய். பாலின் தரம் பார்க்க உங்கள் ஆலையிலும் அதே சோதனைதான். ஆலைக்குள் வரும்போது ஆக்சிஜனைத் தின்னும் பால், ஆலையைவிட்டு ஓடைக்குப் போகும்போது மட்டும் விரதம் இருக்குமா?

கணக்காகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் பால் மக்கிப் போக ஏறக்குறைய 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இதைத்தான் பி.ஓ.டி. என்கிறோம்: லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம். வீட்டுச் சாக்கடைக்கு அது 200, 300 என்ற அளவில்தான் இருக்கும். நம் வெயிலில் நல்ல ஓடைத் தண்ணீரே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் பிடிக்காது. வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு லிட்டர் பால், 13,000 லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் துடைத்துவிடும். ஒரு பெரிய தண்ணீர் லாரிக்குக் கொஞ்சம் மேல். அதில் இருக்கும் மீனும் தவளையும் விஷத்தால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது என்று போய் ஆறுதல் சொல்லலாம்.

ஆலையில் யாரும் வேண்டுமென்றே பாலைக் கொட்டுவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். டேங்கர் கழுவுகிறார்கள், கேன் கழுவுகிறார்கள், குழாய்க்குள் ஒட்டியதைக் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் விட்டு எடுக்கிறார்கள், பாக்கெட் கிழிகிறது, தரை அலசுகிறார்கள். ஒரு லிட்டர் பால் பதப்படுத்தினால் மூன்று லிட்டர் வரை கழிவுநீர் போகலாம் என்று மத்திய அரசின் விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் அதே விதி, வெளியே விடும் தண்ணீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், குடிநீர் எடுக்கிற நீர்நிலையில் போய்ச் சேர்வதாக இருந்தால் 30 வரை இறுக்கலாம் என்றும் சொல்கிறது. சுத்தம் செய்யாத பால் ஆலைத் தண்ணீரில் அது ஆயிரத்துக்கும் மேலே. பனீர் போடுகிற ஆலை என்றால் இன்னும் மோசம். பனீர் பிழிந்த தண்ணீரில், வே என்கிறோமே அதில், 30,000க்குக் குறையாது.

இப்போது கிராம சபையில் நான் சொன்னதற்கு வருகிறேன். வெட்டிவிட்ட பாதி இதுதான்.

பாலத்துக்குக் கீழே ஓடையைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் கறுப்பு. மேலே வெள்ளையாக ஆடை மாதிரி கொழுப்பு. அடியிலிருந்து குமிழ் குமிழாக வருகிறது. அழுகிய முட்டை நாற்றம். அந்தக் குமிழ் வேறொன்றுமில்லை, மீத்தேன்தான். 1776இல் இத்தாலியில் மஜ்ஜியோரே ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழைப் பாட்டிலில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார் வோல்ட்டா. மின்கலத்துக்காகப் பாடத்தில் படித்தோமே, அதே வோல்ட்டா. காற்றுப் புகாத இடத்தில் உணவு அழுகினால் எரியும் வாயு வரும். வோல்ட்டா குச்சியால் கிளறிய வேலையை நம் ஓடை எந்தக் குச்சியும் இல்லாமல் ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருக்கிறது. நான் சபையில் சொன்னது, "நம்ம ஓடை ஏற்கெனவே ஒரு பயோகேஸ் பிளாண்டுங்க. மூடி மட்டும்தான் இல்லை. அந்த மூடியை ஆலைக்குள்ளே போடச் சொல்றேன்." இதில் மூடு என்ற எழுத்துகள் வந்ததால் ஆலையை மூடச் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

ஆலைத் தரப்பில் வந்தவர் பதில் சொன்னார்: "எங்ககிட்ட ட்ரீட்மென்ட் பிளாண்ட் இருக்கு. ப்ளோயர் இருபத்தி நாலு மணி நேரமும் ஓடுது." ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம், அதிகாரி வரும் நாள் மட்டும் அல்ல, எல்லா நாளும். அது என்ன செய்கிறது? கரைந்திருக்கும் பால் சர்க்கரையையும் புரதத்தையும் கிருமிகள் எரிப்பதற்காக மோட்டார் வைத்துக் காற்றை ஊதுகிறது. ஒரு கிலோ அழுக்கை எரிக்க ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். அப்படி எரித்தும் பாதி போல சேறாக மிஞ்சுகிறது. அந்தச் சேற்றை அள்ளி எங்கே கொட்டுவது என்று அடுத்த தலைவலி. வீட்டில் மிஞ்சின சோற்றைச் சும்மா எரிக்க விறகு வாங்கி அடுக்குகிற கதை.

காற்றில்லாமல் செய்தால் கணக்கு தலைகீழ். மூடிய தொட்டியில் ஒரு கூட்டம் கிருமிகள் கொழுப்பையும் புரதத்தையும் சர்க்கரையையும் உடைக்கின்றன. அடுத்த கூட்டம் அதை அமிலமாக்குகிறது. கடைசியில் மிக மெதுவாக வளர்கிற ஒரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. உணவில் இருந்த சக்தியில் பெரும்பகுதி மீத்தேனுக்குள்ளேயே இருக்கிறது, எரிந்து வீணாகவில்லை. சேறும் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு கிலோ சி.ஓ.டி. நீங்கினால் 0.35 கன மீட்டர் மீத்தேன். இது யாருடைய மதிப்பீடும் அல்ல, மோல் கணக்குப் போட்டால் யாருக்கும் வரும் விடை. போட்டுப் பாருங்கள், பேனா பிடித்து ரொம்ப நாளாகியிருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் பால் எடுக்கும் ஆலை என்று வையுங்கள். கழிவுநீர் இரண்டு லட்சம் லிட்டர், அதில் சி.ஓ.டி. லிட்டருக்கு 2 கிராம். மொத்தம் 400 கிலோ. அதில் எண்பது சதவீதம் நீங்கினால் 320 கிலோ, மீத்தேன் 112 கன மீட்டர். ஒரு வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ எரிவாயுவின் சூடு ஏறக்குறைய 18 கன மீட்டர் மீத்தேனுக்குச் சமம். ஆக, தினமும் ஆறு சிலிண்டர். பாய்லரில் விறகு எரிக்கும் ஆலைக்கு தினம் கால் டன் விறகு மிச்சம். கோடீஸ்வரன் ஆகிற வருமானம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காற்று ஊதாமல் மிச்சமாகும் 300 யூனிட்டையும், அள்ள வேண்டியிராத சேற்றையும் சேர்த்துப் பாருங்கள். வே தண்ணீர் இருந்தால் பேச்சே வேறு. ஆயிரம் லிட்டர் வே, ஒரு சிலிண்டருக்கும் மேல்.

"அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் சார், பால் தண்ணியில அந்த பிளாண்ட் நிக்காது" என்கிறான் என் மாணவன். இந்த இடத்தில் அவனிடம் பாதி நியாயம் இருக்கிறது. கொழுப்பு ஒரு தொந்தரவு. அது மீத்தேன் கிருமிகளின் மேல் பூசிக்கொண்டு அவற்றை மிதக்கவிட்டு வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். பால் சர்க்கரை இன்னொரு தொந்தரவு. வீட்டில் பால் தயிராவது மாதிரி தொட்டிக்குள்ளும் வேகமாகப் புளிக்கும். அமிலம் உண்டாகிற வேகத்துக்கு மீத்தேன் கிருமிகளால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் பி.எச். ஏழிலிருந்து ஆறுக்குக் கீழே இறங்கி, தொட்டி படுத்துவிடும். காஸ்டிக்கும் அமிலமும் கிருமிநாசினியும் திடீரென்று மொத்தமாக வந்து விழுந்தாலும் அதே கதி.

ஆனால் தம்பி, இதில் எதற்கு வழி தெரியாமல் இருக்கிறது? கொழுப்பை முன்னாலேயே மிதக்கவிட்டு வழித்தெடு. எல்லாத் தண்ணீரையும் ஒரு கலவைத் தொட்டியில் அரை நாள், ஒரு நாள் நிறுத்தினால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். புளிப்பது ஒரு தொட்டி, மீத்தேன் ஆவது இன்னொரு தொட்டி என்று பிரித்துக்கொள். முதலில் மாட்டுச் சாணக் கரைசல் ஊற்றிக் கிருமிகளை வளர்த்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டு. பி.எச். இறங்கினால் தண்ணீர் விடுவதை நிறுத்திச் சுண்ணாம்பு போடு. நெதர்லாந்தில் லெட்டிங்கா என்ற பேராசிரியர் 1970களில் கழிவுநீரைக் கீழிருந்து மேலே சேற்றுப் படுகை வழியாக ஏற்றும் தொட்டியை உருவாக்கினார். குளிர் நாட்டுக்காரர்கள் தொட்டியைச் சூடுபடுத்தக் காசு செலவழிக்கிறார்கள். நமக்குச் சூரியன் சும்மாவே சூடு போடுகிறது.

நெதர்லாந்து வரை போவானேன். சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளைப் பாருங்கள். மரவள்ளித் தண்ணீரும் இப்படித்தான் புளிக்கும், நாறும். போதாததற்கு அதில் சயனைடும் உண்டு. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம். அந்தத் தண்ணீரையே மூடிய தொட்டியில் விட்டு வாயு எடுத்து, மின்சாரமாகவும் சூடாகவும் பயன்படுத்துகிற ஆலைகள் அங்கே பல இருக்கின்றன. கிழங்கு அரைக்கிறவர்களால் முடிந்தது, பால் பாக்கெட் போடுகிறவர்களால் முடியாதா? வேதியியல் குறுக்கே நிற்கவில்லை. இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்துத் தினமும் பி.எச். பார்க்கச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கேட்கக் கூடாது. இந்தத் தொட்டி மட்டும் போதாது. இதிலிருந்து வரும் தண்ணீர் 100 என்ற விதியைத் தொடாது. கடைசியில் கொஞ்சம் காற்று ஊதித்தான் முடிக்க வேண்டும். முன்பு ஊதியதில் ஒரு பங்கு ஊதினால் போதும். வாயுவில் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அதை இரும்புத்தூள் வழியாகச் செலுத்தி எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாய்லர் குழாயை அரித்துவிடும். மூடி கசிந்தாலோ, வாயுவை எரிக்காமல் திறந்து விட்டாலோ, செய்யாமலே இருந்திருக்கலாம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால்தான் திறந்த குட்டையில் தேக்கி வைத்து 'இயற்கை முறையில் சுத்திகரிப்பு' என்று போர்டு மாட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தென்னைக்குப் பாய்ச்சினால் நல்லது என்கிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் ஆறு மாதம் மட்டை பச்சைப்பசேலென்று இருக்கும். அப்புறம் கொழுப்பு மண்ணை அடைக்கும், காஸ்டிக் சோடாவின் சோடியம் மண்ணை இறுக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. ஓடைக்கரையில் நம் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், அவர் இப்போது குடிக்க கேன் வாங்குகிறார்.

இதில் எனக்கு நெஞ்சைச் சுடுவது வேறு ஒன்று. காலை ஐந்து மணிக்குப் பால் ஊற்றப் போகிற அக்காவிடம் கொழுப்பு ஒரு புள்ளி குறைந்தால் விலையில் பிடிக்கிறார்கள். எஸ்.என்.எஃப். குறைந்தால் அதற்கும் பிடித்தம். "மாட்டுக்குத் தீவனம் சரியா போடும்மா" என்று அறிவுரை வேறு. மெஷின் தசம புள்ளி வரை காட்டுகிறது. அதே பாலில் எத்தனை கிலோ கொழுப்பு சாக்கடையில் போகிறது என்று ஆலையில் எந்த மெஷின் காட்டுகிறது? மேலே போட்ட கணக்கில் 400 கிலோ சி.ஓ.டி. என்பது ஏறக்குறைய 2,000 லிட்டர் பாலுக்குச் சமம். ஒரு லட்சத்தில் இரண்டாயிரம். அக்காவின் கேனில் இரண்டு சதவீதம் தண்ணீர் இருந்தால் அவளைத் திருடி என்கிறோம்.

ஆலை விரிவாக்கத்துக்கு மனு போட்டிருக்கிறது என்று கேள்வி. வரட்டும், பால் விலை கூடட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். விரிவாக்கத்துக்கு அனுமதி தரும்போது மூடிய தொட்டியும், பாய்லருக்கு அதன் வாயுவும் நிபந்தனையாக வேண்டும், வெளியேறும் தண்ணீரின் பி.ஓ.டி. அளவு ஊராட்சி அலுவலகப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்பட வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு. மாப்பிள்ளை, நீயும் வா, கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

மெசேஜ் அனுப்பிய தம்பிக்கு: உன் பெயர் எந்த மனுவிலும் வராது. உங்கள் ப்ளோயர் எத்தனை குதிரைத்திறன், போன மாதம் அந்த மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது, இரண்டை மட்டும் எனக்கு எழுது. மிச்சக் கணக்கை நான் போட்டுக்கொள்கிறேன்.