ஜீப் என்றால் டீசல்தானா?

எங்கள் கோத்தகிரிப் பக்கம் ரிட்டயர் ஆனவர்களுக்கு ஒரு ஆசை வரும். கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்ததும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்க வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஜூன் மாத மழையில் தோட்டத்துக்குப் போகிற மண் ரோட்டில் சாதாரணக் கார் ஏறாது. முழங்கால் வலியோடு குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வயதும் தாண்டிவிட்டது. வாங்கட்டும்.

ஆனால் எந்த இன்ஜின் என்ற கேள்வி வந்ததும் மகன், மச்சான், டீக்கடைப் பெஞ்சு, ஷோரூம் பையன் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "ஜீப்புன்னா டீசல்தான் சார்!" நம்மவரும் தலையை ஆட்டிவிட்டு டீசலுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்த இரண்டு வார்த்தையை எதிர்த்துத்தான் இன்றைய கட்டுரை. நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப்பிலேயே மலை ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சரித்திரம். ஜீப் பிறந்ததே பெட்ரோலில்தான். இரண்டாம் உலகப் போரில் பாலைவனம், சேறு, பனி எல்லாவற்றிலும் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், வெறும் 60 குதிரைசக்தி. அதே ஜீப்பைத்தான் சுதந்திரம் வந்த காலத்தில் மஹிந்திரா இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. நம் மலையில் தோட்டத்துத் துரைமாரும் தாசில்தார்களும் அதில்தான் போனார்கள். அதற்குப் பிறகு 1985ல் மாருதி ஜிப்ஸி வந்தது. 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்தான். அந்த ஜிப்ஸியை நம் ராணுவம் பல்லாயிரக்கணக்கில் வாங்கி, காஷ்மீர் பனியிலும் ராஜஸ்தான் மணலிலும் பல வருஷம் ஓட்டியது. வடக்கே புலிக்காடுகளில் சஃபாரி போனவர்களைக் கேளுங்கள், எந்த வண்டியில் போனீர்கள் என்று. பெட்ரோல் ஜிப்ஸி என்றுதான் சொல்வார்கள். மலைக்கும் சேற்றுக்கும் பெட்ரோல் ஆகாது என்றால் இவர்களெல்லாம் எப்படிப் போய் வந்தார்களாம்?

அப்படியானால் "ஜீப்புன்னா டீசல்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? விலையிலிருந்து வந்தது. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறிய பிறகு, பழைய பெட்ரோல் ஜீப்பின் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை வைத்துக்கொள்வது ஊரெல்லாம் நடந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கு வந்த ஜீப்பும் அப்படி மாற்றப்பட்ட வண்டிதான். சத்தம் காதைப் பிளக்கும். குளிர்காலத்தில் காலையில் நாலு பேர் தள்ளினால்தான் எழும்பும். ஆனாலும் எல்லோரும் அதைக் கொண்டாடினோம், ஏனென்றால் டீசல் மலிவு. அரசாங்கம் மானியம் கொடுத்து விலையைப் பிடித்து வைத்திருந்தது. 2012ல்கூட லிட்டருக்கு ஏறக்குறைய 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு டீசல் வாங்கியவர் புத்திசாலி.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெட்ரோல் நூறைத் தாண்டி நிற்கிறது, டீசல் அதைவிட எட்டு ரூபாய் சொச்சம்தான் குறைவு. முப்பது எட்டாகிவிட்டது, நம் பேச்சு மட்டும் மாறவில்லை.

"விலையை விடுங்க சார், இழுவை?" என்பார்கள். சரி, இழுவைக்கே வருவோம். இன்று அதிகம் விற்கிற தார் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் வந்த மாடலில் 2.2 லிட்டர் டீசல் இன்ஜினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு மேனுவல் கியரில் எவ்வளவு? அதே 300. ஆட்டோமேட்டிக்கில் 320. குதிரைசக்தியில் டீசல் 130, பெட்ரோல் 150. அந்த 300ஐ டீசல் 1600 சுற்றில் தருகிறது, பெட்ரோல் 1250 சுற்றிலேயே தந்துவிடுகிறது. டர்போ என்ற காற்றுத் தள்ளி பெட்ரோலுக்கும் வந்த பிறகு, 'கீழ்ச் சுற்றில் இழுப்பது டீசல் மட்டும்தான்' என்ற காலம் முடிந்துவிட்டது.

மலைக்காரர்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி டர்போ இருக்கிறதா என்பதுதான். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின், பெட்ரோலோ டீசலோ, அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ இருந்தால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஜிம்னி வண்டியில் இருப்பது டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முறுக்குவிசை 134 நியூட்டன் மீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து நாலு பேரும் மூட்டை முடிச்சுமாக ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேற்றில் மாட்டாது. காரணம் லோ கியர்.

இந்த லோ கியரைப் பற்றி ஷோரூமில் யாரும் வாய் திறப்பதில்லை. ஃபோர் வீல் வண்டியில் இரண்டாவதாக ஒரு சின்ன கியர் லீவர் இருக்குமே, அதை லோவில் போட்டால் இன்ஜினின் இழுவை ஜிம்னியில் இரண்டு மடங்காகச் சக்கரத்துக்குப் போகும், தாரில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 60 குதிரைசக்தி வில்லிஸ் உலகத்தைச் சுற்றிய ரகசியம் அதுதான். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வண்டியைப் பிடித்து இறக்குவதும் அதுதான். லோ கியர் இல்லாத டீசல் வண்டியைவிட லோ கியர் உள்ள பெட்ரோல் வண்டி நம் தோட்டத்துப் பாதைக்கு நூறு மடங்கு மேல். தார், கூர்க்கா போன்ற பெயர்களிலேயே பின்சக்கரம் மட்டும் ஓடுகிற வண்டிகளும் விற்பனைக்கு வந்ததுண்டு. டீசலா பெட்ரோலா என்று அரை நாள் சண்டை போட்டுவிட்டு, அந்த லீவர் இருக்கிறதா என்று பார்க்காமல் வருகிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இன்னொரு பழைய வாதம் உண்டு. "ஆற்றில் இறங்கினால் பெட்ரோல் நின்றுவிடும், டீசல் போய்க்கொண்டே இருக்கும்." அந்தக் காலத்தில் முழு உண்மை. டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் பட்டால் பெட்ரோல் ஜீப் நின்றுவிடும். பழைய டீசல் ஜீப்புக்கு பேட்டரியே தேவைப்படாது, ஒருமுறை எழும்பிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைய டீசல் இன்ஜின் அப்படியா? காமன் ரெயில், கம்ப்யூட்டர், பத்துப் பதினைந்து சென்சார். ஒரு ஒயர் கழன்றால் அதுவும் நிற்கும், இதுவும் நிற்கும். ரோட்டோர மெக்கானிக் ஸ்பேனரை வைத்துச் சரிசெய்த டீசல் இன்ஜின் செத்துப் பல வருஷம் ஆகிறது.

இப்போது என் முக்கியமான வழக்குக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பி.எஸ். 6 விதி. அதனால் புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். இது காபி ஃபில்டர் மாதிரி, பிடித்துக்கொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்த கரியை எரித்துச் சாம்பலாக்க அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு வர வண்டி நெடுஞ்சாலையில் நிற்காமல் இருபது நிமிஷமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பாதியில் வண்டியை அணைத்தால் எரிப்பும் பாதியில் நிற்கும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும்.

ரிட்டயர் ஆன நாம் எப்படி ஓட்டுகிறோம்? வீட்டிலிருந்து மார்க்கெட் மூன்று கிலோமீட்டர். அங்கே அரை மணி நேரம் பேச்சு. பிறகு தோட்டம், நாலு கிலோமீட்டர், முதல் இரண்டு கியரிலேயே. இன்ஜின் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். டி.பி.எஃப்.புக்கு இதைவிடப் பெரிய விரோதி கிடையாது.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு பெரிய டீசல் வண்டி ஒன்று வாங்கினார். எட்டாவது மாதம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில், "சார், மலையை விட்டு இறங்கி கோயம்புத்தூர் ரோட்டில் ஒரு மணி நேரம் விரட்டி ஓட்டிட்டு வாங்க" என்றார்கள். கரியை எரிக்க டீசலை எரித்துக்கொண்டு மாதம் ஒருமுறை மனுஷன் மேட்டுப்பாளையம் இறங்கினார். அடுத்த மழைக்காலத்தில் அதுவும் முடியவில்லை. ஒரு நாள் ஏற்றத்தில் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தது. அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்த வாரத்தில்தான் அவருடைய மனைவிக்கு நெஞ்சுவலி. வாடகைக் கார் பிடித்து இரவோடு இரவாக கோவைக்கு இறக்கினார்கள். அந்த அம்மாள் இப்போது நலம். ஆனால் அவசரத்துக்கு உதவும் என்றுதானே அவர் அவ்வளவு பணத்தைப் போட்டு அந்த வண்டியை வாங்கினார்?

கணக்கும் போட்டுவிடுவோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர், டீசல் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50. கிலோமீட்டருக்கு பெட்ரோல் 11 ரூபாய் 20 காசு, டீசல் 7 ரூபாய் 70 காசு. டீசலில் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் மிச்சம். வருஷம் 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 14,000 ரூபாய். டீசல் வண்டி வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் கூடுதல் என்றால் அதை எடுக்கவே ஏழு வருஷம். அதற்குள் ஒருமுறை அந்த வடிகட்டியில் கை வைக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதே கணக்கு 52,500 ரூபாய். இரண்டு வருஷத்தில் அசல் வந்துவிடும். அவர் நெடுஞ்சாலையில் ஓட்டுவதால் வடிகட்டியும் சுத்தமாக இருக்கும். காய்கறி ஏற்றி வாரம் மூன்று நடை மேட்டுப்பாளையம் போகிறவர், டிரெய்லர் இழுக்கிறவர், ஒப்பந்த வேலைக்காரர், இவர்களெல்லாம் தாராளமாக டீசல் வாங்கட்டும். டீசலோடு எனக்கு ஜென்மப் பகை ஒன்றும் கிடையாது. ஓட்டமே இல்லாதவன் டீசல் வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

பெட்ரோலிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். அது ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர் மூடுபனியில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் டேங்கைக் காலியாக விடாமல் நிரப்பி வையுங்கள். லோ கியரில் சேற்றில் உழும்போது பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும் என்பதும் உண்மை. ஆனால் மாதத்தில் எத்தனை மணி நேரம் நாம் சேற்றில் உழப்போகிறோம்?

ஆகவே, வண்டி வாங்கப் போகிற நண்பர்களே, ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் பழைய வண்டியின் ஓடோமீட்டரைப் பாருங்கள். போன வருஷம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஓட்டியது எத்தனை தடவை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஷோரூம் பையன் "ஜீப்புன்னா டீசல்தான் சார்" என்று ஆரம்பித்தால் அந்தத் தாளை அவனிடம் நீட்டுங்கள். அதற்கும் அவன் டீசல்தான் என்றால், அடுத்த ஷோரூமுக்கு நடையைக் கட்டுங்கள்.