ஓடி வரும் அண்ணாச்சி

சாத்தூரிலிருந்து கிழக்கே ஏழெட்டுக் கிலோ மீட்டர் போனால் இருக்கன்குடி. ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, இன்னொரு பக்கம் வைப்பாறு, நடுவிலே மாரியம்மன். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று அந்த ஊரைப் பார்க்க வேண்டும்! லட்சக் கணக்கில் ஜனங்கள். விருதுநகரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கால்நடையாகவே வந்து சேருகிறார்கள். கண் நோய் தீர வேண்டிக் கொண்டவர்கள் கண்மலர் வாங்கிச் செலுத்துகிறார்கள். தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களைப் பார்த்தால் நம் கைதான் சுடுகிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தாருக்கு நெருப்பு ஒன்றும் புதிதல்ல. ஆண்டுக்கொரு நாள் தீச்சட்டி என்றால், மற்ற நாட்களில் கருமருந்து.

பெரிய திருவிழா என்றால் ஓரமாக ஒரு முதலுதவிக் கூடாரமும், அதன்மேல் சிவப்புச் சிலுவையும் தென்படுவது உண்டு. சிலுவை டாக்டர்களின் அடையாளம் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இல்லை, ஸார்! ஸ்விட்ஜர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டு, செஞ்சிலுவை இயக்கம் தனக்கென்று எடுத்துக் கொண்ட சின்னம் அது. நம் நாட்டில் 1960-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி, சர்க்கார் அனுமதியில்லாமல் மற்றவர்கள் அதை உபயோகிக்கக் கூடாது. (உபயோகிக்காத மருந்துக் கடையை நான் இனிமேல்தான் தேடிப் பார்க்க வேண்டும்.)

அந்த ஸ்தாபனம் பிறந்த கதையே ஓடி வந்தவர்களின் கதைதான். 1859-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி, வட இத்தாலியில் ஸால்ஃபெரினோ என்ற இடத்தில் பெரும் போர். ஹென்றி டூனான்ட் என்ற ஜெனீவா வியாபாரி தன் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைப் பார்க்க அந்தப் பக்கம் வந்திருந்தார். பக்கத்து ஊர்க் கோவிலிலும் தெருக்களிலும் காயம்பட்ட சிப்பாய்கள் ஆயிரக் கணக்கில் கிடந்தார்கள். ஊர்ப் பெண்கள், இவன் நம் கட்சியா, எதிர்க் கட்சியா என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஆனாலும் ஜனங்கள் செத்தார்கள். காரணம்? தண்ணீருக்கும் துணிக்கும் பஞ்சமில்லை, இரக்கத்துக்கும் பஞ்சமில்லை. வேலை தெரிந்த கைகள்தாம் போதவில்லை. டூனான்ட் 1862-ல் எழுதி வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். சமாதான காலத்திலேயே ஆட்களைப் பழக்கி வைக்க வேண்டும் என்றார். மறு வருஷமே ஜெனீவாவில் சங்கம் உருவாயிற்று. மனிதர் தம் வியாபாரத்தில் திவாலாகி, ஊரைவிட்டே போனார். 1901-ல் முதல் முதலாகக் கொடுத்த சமாதான நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. தமிழ்நாட்டுக் கிளைக்குக் கவர்னர் தலைவர். மாவட்டக் கிளைக்குக் கலெக்டர் தலைவர். வெள்ளம், புயல் என்றால் பாயும் பாத்திரமும் வரும். ரத்த தான முகாமும் நடக்கும். எல்லாம் நல்ல காரியந்தான். ஆனால் பட்டாசுச் சீமைக்கு இவற்றைவிட அவசரமான காரியம் ஒன்று உண்டு.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை பற்றிக் கொண்டது. புகையைப் பார்த்ததும் சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். உள்ளே மாட்டிக் கொண்டவர்களைத் தூக்கத்தான் பலர் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகுதான் பெரிய வெடி வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளிகள் அல்ல என்பதுதான் வயிற்றைப் பிசைகிற விஷயம். உதவிக்கு ஓடி வந்த அண்ணாச்சிமார்கள்! 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர்ப் பக்கம் அச்சன்குளத்தில் மறுபடியும் விபத்து. 20 பேருக்கு மேல் போனார்கள்.

ஓடி வராதே என்று யார் சொல்ல முடியும்? உள்ளே இருப்பது அவன் மதினியாக இருக்கும், மகளாக இருக்கும். ஆனால் முதல் வெடி அடங்கினால் எல்லாம் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த அறையில் மணி மருந்து காய்ந்து கொண்டிருக்கலாம். தூரத்தில் நில், வெளியே வந்தவர்களை வாங்கிக் கொள், 108-க்குச் சொல் என்பதை ஊரில் பத்துப் பேருக்காவது பழக்கியிருக்க வேண்டும். இன்னொரு சங்கதி. நெருப்பென்றால் தண்ணீர் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையோ ஈரம் பட்டாலே சூடேறிப் பற்றிக் கொள்ளும். ஆகவே மருந்துக்குத் தண்ணீர் ஆகாது. மனிதனுக்குத் தண்ணீர்தான் மருந்து.

நாம் என்ன செய்கிறோம்? "ஏ தாயி, பேனா மை இருந்தா கொண்டா! மதினி, மாவை எடுத்து அப்புங்க!" என்று நாலா பக்கமும் குரல் கேட்கும். பற்பசை, முட்டை என்று இந்தக் காலத்து வைத்தியங்களும் சேர்ந்திருக்கின்றன. இவை அத்தனையும் தோலில் சூட்டை அடைத்து வைக்கும். புண்ணில் கிருமியைச் சேர்க்கும். மை அப்பிய புண்ணில் ஆழம் எவ்வளவு என்று ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியவும் தெரியாது. மேலே தூள் படிந்திருந்தால் முதலில் தட்டிவிட்டு, பிறகு குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஓட விட வேண்டும். ஐஸ் கூடாது. வளையல், மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக் கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. துவைத்த வேட்டியால் மூடி, மேலே போர்வை போர்த்தினால் போதும். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி சுமார் 70 கிலோ மீட்டர். அங்கே நடக்கிற வைத்தியத்தின் பலன், இங்கே போன 20 நிமிஷத்தையும் பொறுத்திருக்கிறது.

கண்ணுக்குள் மருந்துத் தூள் விழுந்தால் தண்ணீர் விட்டு அலசுவதே சரி. ஏதாவது குத்தி நின்றாலோ அதைத் தொடவே கூடாது. ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து, அழுத்தாமல் மூடிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு டீ குடிக்கிற குவளைதான்!

சட்டத்தில் குறையில்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி குறையாமல் வேண்டும், அதற்கு முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. பெட்டியைச் சுவரில் மாட்டுவது சுலபம். சான்றிதழ்க்காரர்தான் முக்கியம். அந்தப் பயிற்சியைக் கொடுக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் ஸென்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருக்கின்றன. குத்தகைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் போய்விட்ட வேலைக்குத்தான் பெட்டியும் கிடையாது, ஆளும் கிடையாது.

என் அபிப்பிராயம் இதுதான். இருக்கன்குடிக்கு வருகிற ஜனங்களை ஊர் ஊராகப் போய்த் தேடவே முடியாது. அம்மனே ஓரிடத்தில் கூட்டித் தருகிறாள். முதலுதவிக் கூடாரத்தில் கட்டுப் போடுவதோடு நிற்காமல், பக்கத்திலே இன்னொரு பந்தல் போடலாம். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குழாய், நாலு பழைய வேட்டி, ஓர் அடுக்குக் காகிதக் குவளை போதும். பொங்கல் வைத்துவிட்டு நிழல் தேடி வருகிற பெண்களைக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் செய்து காட்டலாம். அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லலாம். ஆடி முடிந்தால் தீபாவளிச் சரக்குக்கு ஆலைகளில் அவசரம் பிறக்கும். அதற்குள் கிராமத்துக்கு நாலு பேர் தேறினால்கூட மாவட்டக் கிளைக்கு அந்த வருஷக் கணக்கு லாபந்தான். பந்தல் செலவுக்கு ஆலை முதலாளிகளைக் கேட்கலாம்; கோவிலுக்குக் கொடுக்கிறவர்கள் இதற்கு இல்லையென்றா சொல்லிவிடப் போகிறார்கள்?