வயிற்று வலியெல்லாம் வாய்வு இல்லை

2017-ல் எகிப்து நாட்டு இமான் அகமது மும்பை சைஃபி மருத்துவமனைக்கு வந்து, எடை குறைய இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டபோது பேப்பரில் படித்து வாயைப் பிளந்தோம். இன்று நம் உறவிலேயே ஒருவர் இருவர் செய்துகொள்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, வாழைக்காய் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கும் வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜாக்கிரதை வேண்டும். இரைப்பை, குடல், மண்ணீரல் மூன்றின் ரத்தமும் ஒரு பெரிய நாளம் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுண்டு. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் கவனிக்காவிட்டால் குடலே அழுகிப்போகும். ஆபரேஷன் சமயத்தில் வயிற்றுக்குள் காற்று அடைப்பதால் அங்கே ரத்த ஓட்டம் மந்தமாகிறது. பிறகு தண்ணீர் சரியாக இறங்காமல் உடம்பு வறண்டாலும் ரத்தம் உறையும்.

என் நாத்தனார் மகள் ஓய்வுக்காக அமிர்திக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் மேல்வயிற்றில் வலி. முதுகு வரை இழுத்தது, வாந்தி வேறு. "வாய்வுதாண்டி, ஓமத்தண்ணி குடி" என்றார் நாத்தனார். "இருங்க அண்ணி, டாக்டரைக் கேட்டுடலாம்" என்று ஆபரேஷன் செய்தவருக்கே போன் போட்டோம். "உடனே ஸ்கேன் எடுங்க" என்றார். இருபத்தைந்து கிலோமீட்டர், வேலூருக்கு ஓடினோம். மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி, பிறகு ஆறு மாதம் மாத்திரை. இப்போது சௌக்கியம்.

ஆகவே, ஆபரேஷனுக்கு முன்பே கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுவதையும், குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரேயடியாகப் படுத்திராமல் நடங்கள். தண்ணீரை நாள் முழுக்க வாய் வாயாகக் குடியுங்கள். எழுதிக் கொடுத்த ஊசியை விடாதீர்கள். முதல் மாதத்தில் விடாத வலி, வாந்தி, காய்ச்சல், படபடப்பு எது வந்தாலும் கஷாயம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. ஊர் சிரிக்குமே என்று பலர் இந்த ஆபரேஷனை மறைக்கிறார்கள். ஊரிடம் மறைத்தால் மறைத்துக்கொள்ளுங்கள்; வயிற்று வலி என்று போய் நிற்கிற டாக்டரிடம் மட்டும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவரும் வாய்வுக்குத்தான் மருந்து கொடுப்பார்.