இருட்டறையில் தெரியலாகாத உண்மை

எழுத்துத் தேர்வில் தேறி, ஐந்து நாள் நடைபெறும் தேர்வுக் குழுவின் சோதனைகளையும் கடந்து, விமானப்படையின் விமானியாகிவிட்டோம் என்றே எண்ணிப் பெங்களூருக்கு ரயிலேறிய ஓர் இளைஞன், அங்கே வைத்திய நிலையத்தின் இருட்டறையில் கண்ணில் சொட்டு மருந்து விடப்பட்டு அமர்ந்திருக்கும் வேளையில்தான் தனக்குக் கிட்டப்பார்வை உண்டென்பதை முதன்முதலாக அறிகிறான் என்றால், அதை அவனுடைய துரதிர்ஷ்டம் என்று மாத்திரம் சொல்லிவிட முடியாது; பன்னிரண்டு வருஷம் அவனைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தும் இதை அவனுக்குச் சொல்லாத நம் அனைவருடைய அசிரத்தையும் அதில் அடங்கியிருக்கிறது.

1772-ல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் போர்க்களத்தில் வீழ்ந்ததும், 1801-ல் மருது சகோதரர்கள் கடைசி அரணாகக் கொண்டு போராடியதும் காளையார்கோவில் மண்ணிலேயாகும். ஆகவே இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் படையில் சேரும் ஆசை உண்டாவதில் வியப்பில்லை. ஆகாயமும் இச்சீமைக்கு அந்நியமன்று. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனில் விமானம் ஓட்டப் பயின்று சான்றிதழ் பெற்றவர், பிற்காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனியையே நடத்தியவர். ஆசைக்கும் முன்மாதிரிக்கும் இங்கே குறைவில்லை. விதிகளைப் பற்றிய ஞானமே இன்னும் கிராமத்தை வந்தடையவில்லை.

அவ்விதிகள்தாம் யாவை? போர் விமானம் ஓட்ட விழைபவனுக்குக் கண்ணாடியின்றி ஒரு கண்ணில் 6/6, மற்றொன்றில் 6/9 பார்வையேனும் இருக்க வேண்டும், கிட்டப்பார்வை தென்படலாகாது. பிளஸ் டூ முடித்தவுடன் தேசிய பாதுகாப்பு அகாடமி வழியாகச் செல்பவன் லேசர் சிகிச்சை செய்துகொண்டிருந்தால் அங்கே அவனுக்கு இடமில்லை. பட்டம் பெற்றபின் விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வின் வழியாக வருபவனுக்கோ கதவு திறந்திருக்கிறது, ஆயினும் நிபந்தனைகளோடு: சிகிச்சை 20 வயதுக்கு முன் நடந்திருக்கலாகாது, அதன்பின் 12 மாதம் சிக்கலின்றிக் கழிந்திருக்க வேண்டும், கருவிழிப் படலத்தின் கனம் 450 மைக்ரானுக்குக் குறையலாகாது, கண்ணின் அச்சு நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. சிகிச்சைக்கு முன்னிருந்த பவர் 6-க்கு மேற்பட்டிருக்கலாகாது. விமானம் ஓட்டும் பிரிவில் சேரும் வயதோ பொதுவாக 20 முதல் 24 வரைதான். கணக்கிட்டுப் பார்த்தால், கண்ணாடி அணிந்தவனுக்கு எஞ்சும் காலம் மூன்றே வருஷம்.

இந்நிபந்தனைகளைக் கொடுமை என்று நாம் சொல்ல மாட்டோம். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுபோவதால் வருவது. லேசரோ முன்புறத்துக் கருவிழிப் படலத்தைச் செதுக்குகிறதே யன்றி, நீண்ட கோளத்தைக் குறுக்குவதில்லை. வளர்ச்சி நிற்குமுன் செதுக்கினால் பவர் மறுபடியும் ஏறும். ஆதலின் வயது வரம்பு நியாயமே. கருவிழிப் படலத்தைக் கத்தியால் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலக் கீறும் பழைய சிகிச்சை அறவே விலக்கப்பட்டிருப்பதற்கும் காரணமுண்டு. அதனைச் செய்துகொண்டிருந்த பெக் வெதர்ஸ் என்னும் அமெரிக்க டாக்டர் 1996-ல் எவரெஸ்டின் உச்சியை நெருங்குகையில், பிராணவாயு குறைந்த அவ்வுயரத்தில் பார்வை மங்கி, மலைச்சரிவிலேயே நின்றுவிட நேர்ந்தது. தரையில் தெளிவாயிருக்கும் கண் ஆகாயத்திலும் அவ்வாறே இருக்குமென்று எண்ணலாகாது.

"பிற தேசங்கள் தளர்த்திக்கொண்டனவே, நாமும் இன்னும் தளர்த்தினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. லேசர் சிகிச்சைக்கு அடிகோலியவர்களுள் ஒருவரே சென்னையில் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1981-ல் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் துண்டுகளின்மீது புற ஊதா லேசரைச் செலுத்தி, சுற்றியுள்ள திசுவைச் சுடாமலே நுட்பமாகச் செதுக்கலாம் என்று அவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். அமெரிக்கக் கடற்படை வருஷக்கணக்கில் விமானிகளை ஆராய்ந்த பிறகே இதனை ஏற்றது. நாசா தன் விண்வெளி வீரர்களுக்கு 2007-ல் அனுமதித்தது. ஆராய்ச்சி முன்னே செல்ல, விதி பின்னே தொடர்வதே முறை. நம் விமானப்படையும் அம்முறையிலேயே ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. ஆகையால் தரத்தைத் தாழ்த்துக என்பது நம் கோரிக்கை யன்று. திறந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதை உரிய காலத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுக என்பதே நம் கோரிக்கை.

காட்டாவிட்டால் விளையும் கேடு சிறிதன்று. "லேசர் செய்துகொண்டால் சேர்ந்துவிடலாம்" என்னும் அரைகுறைச் செய்தியை நம்பி, நகையை அடகு வைத்துப் பதினெட்டு வயதில் சிகிச்சை செய்துகொள்ளும் பையன், அச்செய்கையாலேயே, எந்தப் பதவிக்காக அதைச் செய்தானோ அந்தப் பதவிக்குத் தகுதியற்றவனாகிறான். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பை அவசரம் அழித்துவிடுகிறது. செதுக்கிய படலத்தை மீண்டும் வளர்க்கும் வித்தை எந்த வைத்தியரிடமும் இல்லை.

இதற்குப் புதிய ஸ்தாபனமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் பள்ளிகளில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. ஒன்பதாம் வகுப்பிலே செய்யும் சோதனையை நிறக்குருடு உட்பட முழுமையாகச் செய்து, படைகளின் தரத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பிரிவு பொருந்தும், எது பொருந்தாது, சிகிச்சைக்கு எந்த வயதுவரை காத்திருக்க வேண்டும் என்பனவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தால் போதும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற கீர்த்தி வாய்ந்த நிலையங்கள் இருக்கையில், சந்தேகமுள்ள பிள்ளைகளை அனுப்பித் தெளிவு பெறுவதும் கடினமன்று. விமானப்படையும் வைத்திய விதிகளைத் தமிழில் அச்சிட்டு மேல்நிலைப் பள்ளிகள்தோறும் அனுப்ப வேண்டும். வெளியிலே வெயிலில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறதென்று வைத்திய ஆராய்ச்சி கூறுவதால், விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தையும் ஆசிரியர்கள் கைவிட வேண்டும்.

விமானியாக இயலாத கண்ணுக்குத் தரைப்பணியிலும் தொழில்நுட்பப் பிரிவிலும் இடமுண்டு. அதைப் பதினான்கு வயதில் அறிபவன் தன் பாதையை மாற்றிக்கொள்கிறான். இருபத்திரண்டில் அறிபவனோ பாதையையே இழக்கிறான். வரும் கல்வியாண்டிலேயே அரசு இதனைச் சிவகங்கை மாவட்டத்திலிருந்து தொடங்கட்டும்.